மெய்நிகர்க் கணினியும் காலக் கணக்கும்

1. தோற்றுவாய்

பொருளைத் தொலைத்தவன் அதனைத் தேடிப் பெறுதல் கூடும். காலத்தைத் தொலைத்தவன் மீட்டும் பெறுதல் இல்லை என்று பெரியோர் கூறுவர். மாந்தர் காலத்தைத் தொலைத்தல் நாம் நாடோறும் காண்பதே. ஆயின், கணினியும் காலத்தைத் தொலைக்கும் என்பதும், அங்ஙனம் தொலைக்குங்கால் அதன் பயனை மாந்தரே அநுபவிக்க நேரும் என்பதும் நம்முட் பலர் எண்ணிப் பாராதன. இவ்வுண்மையை யான் நூல்களால் அறிந்ததினும் ஒரு முதிய தொழிலாளியின் கூலிக் கணக்கால் அறிந்ததே மிகுதி. ஆதலின் அந்நிகழ்ச்சியை முன்வைத்து, மெய்நிகர்க் கணினியின் நேரப் பிழையை ஆராயுமாற்றையும் திருத்துமாற்றையும் நம் கல்லூரி மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டு ஒருசிறிது எழுதப் புகுந்தேன்.

பூவிருந்தவல்லியினின்று திருப்பெரும்புதூர் நோக்கிப் பெங்களூர்ப் பெருஞ்சாலை வழியே செல்வார்க்கு இடையில் எதிர்ப்படும் ஊர் திருமழிசை. திருமழிசையாழ்வார் அவதரித்த தலமாகிய இவ்வூரில் ஜகந்நாதப் பெருமாள் கோயில் மணியோசையும், சிட்கோ தொழிற்பேட்டையின் சங்கொலியும் அடுத்தடுத்துச் செவியில் விழும். அப்பேட்டையின்கண் உள்ள ஒரு சிறு பட்டறையில் கணினிகளைக் கண்காணிக்கும் பணி எனக்குச் சில காலம் வாய்த்திருந்தது. ஒருநாள் மாலை, கடைசற் பொறியில் நெடுங்காலம் உழைத்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து கூலிச் சீட்டை நீட்டினார். அவர் ஐந்து மணிக்கு முன்னரே வேலையை விட்டுச் சென்றாரென்று சில நாட்களுக்கு அரைமணிக் கூலி பிடிக்கப்பட்டிருந்தது.

“தம்பி, சங்கு ஊதின பிறகுதான் நான் கை கழுவினேன். பெட்டி வேறு மாதிரி சொல்லுகிறது. யார் பேச்சை நம்புவார்கள், சொல்லு” என்றார்.

யான் விடை கூற இயலாது நின்றேன். பெட்டி பொய் சொல்லாது என்பதே அதுகாறும் என் கொள்கை.

2. ஊரெல்லாம் ஒரு நேரம்

நோயை ஆராயுமுன் நேரம் என்பது யாண்டிருந்து வருகின்றது என்பதை அறிதல் நலம். நம் முன்னோர் நாளொன்றை 60 நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்று 24 நிமிடமாகும். பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க் கன்னலைக் கொண்டு நேரம் அளந்து கூறுவோர் இருந்தமையை முல்லைப்பாட்டால் அறிகின்றோம். சிறு துளையின் வழியே ஒழுகும் நீரே அவர்க்கு அளவை. அத்துளையை ஒருவன் விரலால் அடைத்துச் சிறிது பொழுது கழித்து விட்டுவிடின், நீர் மீண்டும் பழையபடி ஒழுகும். ஆயின் அடைபட்டிருந்த பொழுது கணக்கில் ஏறாது. இவ்வுவமையை மாணவர் மனத்துள் வைத்துக்கொள்க. பின்னர் இது நமக்குப் பெரிதும் உதவும்.

பிற்காலத்தில் 1792 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தனர். கோல்டிங்காம் முதலிய அறிஞர் விண்மீன்களை நோக்கிக் கணித்த நேரம் ‘சென்னை நேரம்’ எனப் பெயர் பெற்றது. அது கிரீனிச் நேரத்திற்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. இருப்புப்பாதைகள் பெருகியபோது, ஊர்தோறும் வெவ்வேறு நேரம் வழங்குதல் வண்டிப் போக்கிற்கு இடையூறாயிற்று. ஆகவே இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தையே பொதுவாகக் கைக்கொண்டன. 1906 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. இது 82½ பாகைத் தீர்க்க ரேகையைக் கொண்டு, கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முற்பட்டதாக வகுக்கப்பட்டது.

இந்நாளில் இந்தியப் பொதுநேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசிய அணுக் கடிகாரங்களால் காத்து வருகின்றது. விநாடி என்பது சீசிய அணுவின் 9,192,631,770 அதிர்வுகளின் காலம் என 1967 ஆம் ஆண்டில் உலக நாடுகள் வரையறுத்தன. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவும், 2022 ஏப்ரல் 28 ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், நிறுவனங்கள் தம் கணினிகளின் நேரத்தை இவ்வாய்வகத்தின் நேரத்தோடோ தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடோ இயைத்து வைத்தல் வேண்டும் என்று விதித்தது. ஆகவே நேரம் காத்தல் நற்பழக்கம் மட்டுமன்று, கடமையுமாம்.

3. கணினி நேரத்தை எண்ணும் வகை

கணினியின்கண் இரு கடிகாரங்கள் உள. ஒன்று, மின்சாரம் நின்றபோதும் சிறு மின்கலத்தின் உதவியால் ஓடுவது. இதிலுள்ள படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். மற்றொன்று, இயங்குதளம் தானே நடத்துவது. கணினி விழித்தெழும்போது முதற் கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறிந்து, அதன்பின் தன் எண்ணிக்கையையே நம்பி நடக்கும். பழைய இயங்குதளங்கள் விநாடிக்கு 100 அல்லது 1,000 என வரும் துடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணின. புதியவை, செயலகத்தினுள் இடையறாது ஏறிவரும் எண்ணி ஒன்றை வேண்டும்போது படித்துக்கொள்ளும்.

படிகம் எத்துணை நன்றாயினும் பிழையற்றது அன்று. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை, நாளொன்றுக்கு 0.0864 விநாடியாகும். சாதாரணக் கணினிப் படிகம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழைபடுமாயின் நாளொன்றுக்கு 1.7 விநாடி தவறும். இவ்வளவைக்கூறு நோயறிதற்கு இன்றியமையாதது.

4. மெய்நிகர்க் கணினி

ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடிகளை வைத்தல் போல, ஆற்றல் மிக்க ஒரு கணினியைத் தடுத்து அதனுட் பல கணினிகளை இயங்கச் செய்யலாம். வீடு போல்வதை ஹோஸ்ட் என்பர். உள்ளே குடியிருப்பவை மெய்நிகர்க் கணினிகள். ஒவ்வொரு குடியும் தன்னைத் தனி வீட்டுக்காரனாகவே எண்ணிக்கொள்ளும். தனக்கெனச் செயலகமும் நினைவகமும் கடிகாரமும் உண்டென்று நம்பும். உண்மையில் அவையனைத்தும் ஹோஸ்ட் ஈந்தவையே.

இடர் ஈண்டே தோன்றுகின்றது. ஹோஸ்ட் ஒரு குடியை வேண்டும்போது நிறுத்தி வைக்கும். அதன் நிலைமையைப் படியெடுக்கும். சிற்சில வேளை வேறொரு ஹோஸ்ட்டுக்குப் பெயர்க்கும். அப்பொழுதெல்லாம் மெய்நிகர்க் கணினிக்குத் தான் நின்றது தெரியாது. துளையடைத்த கன்னலைப் போல, விட்ட இடத்தினின்று எண்ணத் தொடங்கும். உறங்கி எழுந்தவன் சன்னலைத் திறந்து பொழுதைப் பார்ப்பான். இதற்கோ சன்னலும் இல்லை.

5. பிழையின் அளவே அடையாளம்

மருத்துவன் நாடி பார்த்து நோயை உணர்தல் போல, பிழையின் அளவையும் போக்கையும் கண்டே அதன் காரணத்தை ஊகிக்கலாம்.

முதலாவது, பிழை சரியாக 5 மணி 30 நிமிடமாயின், அது கடிகாரத்தின் குற்றமன்று. ஹோஸ்ட் உலகப் பொதுநேரத்தைத் தர, மெய்நிகர்க் கணினி அதனை இந்திய நேரமாகக் கொண்டது. அல்லது இதன் மறுதலை நிகழ்ந்தது. அமைப்பைத் திருத்தினால் போதும்.

இரண்டாவது, பிழை நாள் முழுதும் சீராக வளருமாயின், அது படிகத்தின் இயல்பான விலக்கமோ, எண்ணியின் வேகத்தைத் தவறாகக் கணித்ததன் விளைவோ ஆம்.

மூன்றாவது, வேலைச்சுமை மிக்க வேளையில் மட்டும் பிழை வளருமாயின், ஹோஸ்ட் பிற குடிகளைக் கவனித்திருந்தபோது இக்குடிக்குரிய துடிப்புகள் தவறிப்போயின எனக் கொள்க. துடிப்பெண்ணும் பழைய இயங்குதளங்களில் இது மிகுதி.

நான்காவது, பிழை சிறிதும் வளராதிருந்து திடீரெனப் பாயுமாயின், இயந்திரம் இடையில் நிறுத்தப்பட்டது எனத் துணிக.

ஐந்தாவது, நேரம் முன்னும் பின்னுமாக மாறி மாறி அசையுமாயின், இரண்டு ஆசிரியர் ஒரு மாணாக்கனைத் திருத்துகின்றனர் என அறிக. ஹோஸ்ட்டின் உதவி நிரல் ஒருபுறமும், வலையின் வழி வரும் நேரச்சேவை மறுபுறமும் இழுக்க, கடிகாரம் இருவர் சொல்லையும் கேட்டு அலையும்.

6. ஆராய்ந்த முறை

இனி நம் பட்டறைக்கு வருவோம். வாயிலில் தொழிலாளர் விரல் பதிக்கும் கருவி ஒன்று இருந்தது. அது விரலை மட்டும் அறிந்து அனுப்பும். நேரத்தை எழுதுவது உள்ளறையிலிருந்த ஒரு மெய்நிகர்க் கணினி. சங்கை ஊதுவித்ததோ சுவரில் தனித்திருந்த வேறு கடிகாரம்.

யான் முதலில் மூன்று நேரங்களையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். என் கைப்பேசியும் ஹோஸ்ட்டும் ஒத்திருந்தன. சுவர்க் கடிகாரமும் ஒருசில விநாடிக்குள் ஒத்தது. மெய்நிகர்க் கணினி மட்டும் 10 நிமிடம் 40 விநாடி பிற்பட்டிருந்தது. உடனிருந்த மேற்பார்வையாளர் நகைத்து, “இது பழைய சென்னை நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது போலும்” என்றார். பொதுநேரத்திற்கும் பழைய சென்னை நேரத்திற்கும் இடையே ஏறத்தாழ 9 நிமிடமே வேற்றுமை. ஆகவே நகையாயினும் அது விடையாகாது.

அடுத்து, இப்பிழை எப்பொழுது தொடங்கிற்று என்று பதிவுகளைப் பார்த்தேன். 16 இரவுகளுக்கு முன் நேரம் சரியாகவே இருந்தது. 640 விநாடியை 16 ஆல் வகுப்பின் நாளொன்றுக்கு 40 விநாடி. இது பத்து இலட்சத்தில் 463 பங்காகும். எளிய படிகமும் இத்துணைத் தவறாது. எனவே படிகத்தைப் பழித்தல் முறையன்று.

மூன்றாவதாக, மறுநாட் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பிழையை அளந்தேன். பகல் முழுதும் ஒரு விநாடியும் மாறவில்லை. அதன் மறுநாட் காலை அளந்தபோதோ 40 விநாடி கூடியிருந்தது. பகலில் வளராது இரவில் மட்டும் பாயும் பிழை நான்காம் வகையைச் சேர்ந்தது. அவ்வாறாயின் இரவில் நிகழ்வது யாது? ஹோஸ்ட்டின் நாட்குறிப்பைப் புரட்டினேன். ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்குக் காப்புப்படி எடுக்கும் பொருட்டு அம்மெய்நிகர்க் கணினி நினைவகத்தோடு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நிறுத்தம் சில இரவு 38 விநாடி, சில இரவு 42 விநாடி. பிழை தொடங்கியது முதல் என் முதல் அளவை வரையிலான 16 இரவுகளையும் கூட்ட 638 விநாடி வந்தது. எஞ்சிய 2 விநாடி படிகத்தின் பங்கு. கணக்கு நேராயிற்று.

ஆயின் ஒரு வினா எஞ்சி நின்றது. காப்புப்படி எடுத்தல் ஓராண்டாக நடந்து வருவது. முன்னரெல்லாம் பிழை தோன்றாதது என்னை? இவ்வினாவைக் கேளாது விட்டிருந்தால் நோயின் ஒரு பாதியையே கண்டிருப்பேன். விடை இதுவே: முன்னரும் ஒவ்வோர் இரவும் 40 விநாடி தொலைந்தது, வலைவழி நேரச்சேவை விடியுமுன் அதனைத் திருத்தி வந்தது. 16 இரவுகளுக்கு முன் வலையின் காவலரணில் சில வழிகளை அடைத்தனர். அவற்றுள் நேரச்சேவைக்குரிய 123 ஆம் வாயிலும் ஒன்று. ‘இரண்டு ஆசிரியர் வேண்டா’ என்று ஹோஸ்ட்டின் உதவி நிரலையும் முன்னமே நீக்கியிருந்தனர். ஆகவே ஆசிரியர் ஒருவருமின்றி மாணாக்கன் தனித்து விடப்பட்டான். அடைத்தவர் வேறு எவருமல்லர், யானே.

7. வலைவழி நேரம் கேட்டல்

இச்சேவையின் விதிகளை அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்தார். 1985 ஆம் ஆண்டில் அவை முதன்முதல் வெளியாயின. அவர் 2024 ஆம் ஆண்டில் காலமானார். தொலைவிலுள்ளவரிடம் நேரம் கேட்பின் விடை வந்து சேருமுன் நேரம் கழிந்துவிடுமே என்னும் இடரை அவர் முறை எளிதில் தீர்க்கின்றது.

கேட்கும் கணினி தன் கடிகாரப்படி 10:00:00.000 இல் வினவுகின்றது என்க. சேவைக் கணினி தன் கடிகாரப்படி 10:10:40.030 இல் அதனைப் பெற்று, 10:10:40.031 இல் விடை விடுக்கின்றது. விடை, கேட்ட கணினிக்கு அதன் கடிகாரப்படி 10:00:00.061 இல் வந்து சேர்கின்றது. போகும்போது தோன்றும் வேற்றுமை 640.030 விநாடி, வரும்போது 639.970 விநாடி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க 640.000 விநாடி. இதுவே பிழை. போக்குவரவுக்கான பொழுது 0.060 விநாடி என்பதும் உடன் பெறப்படும். போதற்கும் வருதற்கும் ஒத்த பொழுது ஆயின் விடை மிக நுண்ணியதாம். ஒவ்வாவிடின் அவ்வேற்றுமையிற் பாதி பிழையாகப் புகும்.

8. பரிகாரம்

கடிகாரத்தைத் திருத்தும் வகை இரண்டு. ஒன்று ஒரே அடியில் தாவுதல். மற்றொன்று வேகத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ மெல்ல நெருங்குதல். மெல்ல நெருங்குவதில் எந்நிகழ்ச்சியும் முன்பின் மாறாது. ஆயின் காலம் மிகுதியும் வேண்டும். என்.டி.பி.டி. என்னும் பழைய நிரல் பத்து இலட்சத்தில் 500 பங்குக்கு மேல் வேகம் மாற்றாது. அவ்வழியே 40 விநாடியைத் திருத்த 80,000 விநாடி, அதாவது 22 மணிக்கு மேற்பட்ட காலம் வேண்டும். ஆதலின், சாதாரண அமைப்பில், பிழை 0.128 விநாடிக்கு மேற்பட்டு நிலைக்குமாயின் அது தாவிவிடும். பிழை 1,000 விநாடியைக் கடந்துவிட்டாலோ, இது என்னால் தீர்க்கத்தக்க நோயன்று என்று தன் பணியையே நிறுத்திவிடும். நாளொன்றுக்கு 40 விநாடியாயின் 25 இரவுகளில் அவ்வெல்லை வந்திருக்கும். அதன்பின் வாயிலைத் திறந்தும் பயனிராது. அப்பெரியவர் வந்து கேட்டது எனக்கு எத்துணை உதவியாயிற்று என்பதை இதனால் உணரலாம்.

யான் செய்தவை இவை: முதலில் ஹோஸ்ட்டின் நேரம் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இயைந்துள்ளதா என்று உறுதிசெய்தேன், வீடு சாய்ந்திருக்கத் தூணை நிமிர்த்தல் வீண். பின்னர் 123 ஆம் வாயிலைத் திறந்தேன். எவரும் விரல் பதியாத இரவு வேளையில், வருகைப் பதிவு நிரலை நிறுத்தி, நேரத்தை ஒரே தாவலில் முன்னே நகர்த்தி, மீண்டும் தொடங்கினேன். பின்னோக்கித் தாவ நேரின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரே நிமிடம் இருமுறை வந்து பதிவுகள் வரிசை கெடும். காப்புப்படி முடிந்து கணினி விழித்தெழும் ஒவ்வொரு முறையும் நேரத்தை உடனே சரிபார்க்கச் செய்தேன். இறுதியாக, பிழை 5 விநாடியைக் கடந்தால் எனக்கு அறிவிப்பு வருமாறு அமைத்தேன். இது முன்னமே இருந்திருப்பின் முதல் இரவே நோய் வெளிப்பட்டிருக்கும்.

நேரப் பிழையின் தீமை கூலிக் கணக்கோடு நிற்பதன்று. கெர்பராஸ் என்னும் அடையாளச் சோதனை முறை, சாதாரண அமைப்பில் 5 நிமிடத்திற்கு மேற்பட்ட வேற்றுமையைக் காணின் உரியவரையும் உள்ளே விடாது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியாயின போலவோ இன்னும் பிறவாதன போலவோ தோன்றும். களவு நிகழ்ந்த கணினிகளின் நாட்குறிப்புகளை ஒப்பிடுவோர்க்கு எது முன், எது பின் என்பதே விளங்காது போம்.

9. முடிவுரை

பதிவுகளை ஆராய்ந்தபோது மற்றோர் உண்மையும் புலப்பட்டது. பிற்பட்ட கடிகாரம் காலையில் தாமதித்து வந்தோரை நேரத்தில் வந்தவராகக் காட்டிற்று. மாலையில் சங்கொலி கேட்டு இரண்டு நிமிடத்தில் விரல் பதித்துச் சென்றவரை முன்னரே சென்றவராகக் காட்டிற்று. 4 மணி 55 நிமிடத்திற்கு முன் செல்வோர்க்கே கூலி பிடிப்பது விதி. பிழை 7 நிமிடத்தைக் கடந்த பதினோராம் நாள் முதல் அவ்விதி நேரந் தவறாத நால்வரைப் பற்றிக்கொண்டது. தேநீர் அருந்திப் பேசியிருந்து மெல்லச் சென்றோர்க்கு ஒரு குறையும் இல்லை. நேரம் காத்தலே அப்பெரியவர்க்குக் குற்றமாய் முடிந்தது.

பழைய பதிவுகளை யாம் அழித்து எழுதவில்லை. அவற்றின் அருகே, ஹோஸ்ட்டின் நாட்குறிப்பால் பெறப்பட்ட திருத்த நேரத்தைத் தனி வரிசையில் எழுதி, காரணத்தையும் குறித்து, பட்டறைத் தலைவரிடம் வைத்தோம். அவரும் கணக்கை ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்து, பிடித்த கூலியை நால்வர்க்கும் மீட்டளித்தார். வாயிலை அடைத்தவன் யான் என்பதையும் பெரியவரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்து, “பெட்டியை யாரோ ஒருவர்தானே தம்பி பழக்க வேண்டும்” என்று சொல்லிப் போனார்.

மாணவர்காள்! கருவியின் சொல்லும் மனிதன் சொல்லும் மாறுபடுமிடத்து, கருவிக்குப் பொய் சொல்லும் நோக்கம் இல்லை என்பது மெய்யே. ஆயின் நோக்கமின்மை வாய்மையாகாது. எத்துணைச் சிறந்த கடிகாரமும் தான் நின்றதைத் தான் அறியாது. ஆதலின், நேரம் காட்டும் பொறி எதுவாயினும் அது தன்னினும் மேலான ஒரு நேரத்தோடு இடையறாது ஒப்பிடப்பெறுதல் வேண்டும். ஒப்பிடுதல் நின்றவிடத்து, குறை கூறி வரும் எளியவரின் சொல்லையே முதல் அளவையாகக் கொண்டு ஆராய்தல் அறிவுடையார் கடனாம்.